ஏரிக்கரை ஃபீடர்

பழவேற்காடு
12.6.2008

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தங்கை அஃப்ஸானா எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் நலம். வாப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும்தான்.

என் நிக்காஹ் முடிந்து ஐந்து வருடம் ஆகிறது. ஒரு தடவைகூட நீங்கள் என் போனை எடுத்ததில்லை. ஆபீஸுக்கு அடித்தால், "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்று யாரோ வைத்துவிடுகிறார்கள். வாப்பாவிடம் வெள்ளிக்கிழமை பேசுகிறீர்கள். நான் பக்கத்தில் நிற்பது தெரிந்தும் கேட்பதில்லை. அதனால்தான் கடிதம். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் ஐஸ் கம்பெனிக்குச் சாயங்காலம் கரண்ட் இல்லை. ஏப்ரலிலிருந்து தினமும் ஆறு மணிக்கு நிற்கிறது, ஒன்பது மணிக்கு வருகிறது. முன்பும் கட் உண்டுதான். ஆனால் லைன்மேன் பாக்கியநாதனிடம் ஒரு வார்த்தை சொன்னால் கொஞ்சம் தள்ளிப்போடுவார். திருப்பிக் கொடுக்கும்போதும், "லைன் விடப்போறேம்மா, மிஷினப் பாத்துக்குங்க" என்று போன் பண்ணிவிட்டுத்தான் கொடுப்பார். இப்போது அவரிடம் போய்க் கேட்டால் கையை விரிக்கிறார்.

"என் கையில இன்னாம்மா கீது? கம்பத்துல பொட்டி வெச்சிட்டாங்க. கும்முடிப்பூண்டில ரூம்ல உக்காந்துக்கினு கம்ப்யூட்டர்ல தட்டுறாங்க, இங்க டப்புனு நிக்குது. ஸ்மார்ட் கிரிட்டாம். நான் சும்மா வேடிக்க பாத்துக்கினு நிக்கிறேன்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அந்தப் பிளானப் போட்டதே உங்க லாத்தாதானாம்மா."

லாத்தா, உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஐஸ் பார் உறைய ராத்திரி பூரா கம்ப்ரசர் ஓட வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் வெளியே கட்டியாகத் தெரியும், உடைத்தால் உள்ளே தண்ணீர். விடியலில் கடலுக்குப் போகிற படகுக்காரர்கள் அதை வாங்கமாட்டேன் என்கிறார்கள். பாதிப் பேர் பொன்னேரி ஐஸுக்குப் போய்விட்டார்கள். மீன் விற்கிற ஆரம்பாக்கத்துக் கங்கம்மாவை நினைவிருக்கிறதா? இங்கே மீனும் ஐஸும் வாங்கி, பொன்னேரி போய் ரயில் ஏறி, அவள் ஊரில் கம்பெனி ஆட்களுக்கு விற்பாள். அவள் மட்டும்தான் பழகிய முகத்துக்காக இன்னும் நம்மிடம் வாங்குகிறாள்.

எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் கொண்டுவருகிற லைனை, அந்த ஏரிக்கரை ஃபீடரை மட்டும் இந்த மாலை வெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நடக்குமாம். குடும்பம், கம்பெனி என்று இருந்தால்தான் இந்தக் கஷ்டம் புரியும். உங்களுக்கு அது இல்லாவிட்டாலும் வாப்பா முகத்துக்காகச் செய்யுங்கள்.

அன்புடன்
அஃப்ஸானா


கும்மிடிப்பூண்டி
20.6.2008

அஃப்ஸானா,

கடிதம் வந்தது. என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்து 'நீ'தான். தேவை வந்தால் உனக்கு மரியாதையும் வந்துவிடுகிறது.

புரியும்படி சொல்கிறேன். மாலை நேரத்தில் இந்த வட்டாரம் இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குத் திட்டம் போடத்தான் எங்கள் கன்சல்டன்சி இங்கே இருக்கிறது. தொழிற்பேட்டையில் பழைய மோட்டார்களை மாற்றினால் அந்த மிச்சம் தானாகக் கிடைக்கும். ஆனால் மாற்ற இரண்டு வருடம் ஆகும். அதுவரை இரும்பு உருக்கும் ஆலைகளின் லைனில் கை வைக்கக் கூடாது என்று மேலே சொல்லிவிட்டார்கள். ஆக, ஏதாவது ஒரு கிராமத்து ஃபீடரை மாலையில் மூன்று மணி நேரம் நிறுத்த வேண்டும்.

என் முன்னால் நான்கு ஃபீடர்கள் இருந்தன. நான்கில் எதை நிறுத்தினாலும் மிச்சம் ஒன்றுதான். எதை எடுத்தாலும் யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. உன்னுடையதை எடுத்தேன். கம்ப்யூட்டர் எடுக்கவில்லை. மேலதிகாரி எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

ஏன் என்று கேட்கமாட்டாய். இருந்தாலும் சொல்கிறேன். ரஷீதுக்கும் எனக்கும் நிக்காஹ் பேசி முடித்திருந்தது. நான் பெங்களூரில் பயிற்சியில் இருந்தேன். நீ அவன் வீட்டுக்குப் போய் அவன் உம்மாவின் காலடியில் உட்கார்ந்து, "லாத்தாக்கு வலிப்பு வரும் மாமி, எங்க ஊட்ல மறைச்சிட்டாங்க, எனக்கு மனசு கேக்கல" என்று அழுதாய். ஆறு வயதில் காய்ச்சல் முற்றி எனக்கு ஒரே ஒரு தடவை கை கால் இழுத்தது. அவ்வளவுதான் என் வலிப்பு. நான் ஊர் திரும்பியபோது என் நிக்காஹ் புடவையை நீ கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாய். "அளவு செரியா கீதா பாரு லாத்தா" என்று என்னையே கேட்டாய்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த ஒவ்வொரு பேச்சும் அந்த ஒரு வார்த்தையில் வந்து நின்றது. எனக்குக் குடும்பம் இல்லை என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? ஐந்து வருடத்தில் உன் மடியிலும் ஒன்றும் இல்லை என்று வாப்பா சொன்னார்.

வலிப்புக்காரி போட்ட திட்டம் வெட்டி வெட்டித்தான் இழுக்கும். பொறுத்துக்கொள்.

எடுக்கச் சொல்வதென்றால் ரஷீத் வந்து கேட்கட்டும். நீ எழுத வேண்டாம்.

உமைரா


பழவேற்காடு
5.7.2008

உமைரா,

ஸலாம் எழுத மனம் வரவில்லை.

நான் சொன்னதில் பொய் என்ன? உனக்கு இழுத்தது, இழுத்ததுதானே. உம்மா உன் பல்லுக்கு நடுவில் கரண்டியை வைத்துப் பிடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது, சொன்னேன். அவர்கள் வீட்டில் நம்பினார்கள். நம்பாதே என்று சொல்ல ரஷீத் ஓடி வந்தாரா? இல்லை. அதை நினைத்து நீ அழு.

உனக்கு என்ன குறை வைத்தார்கள்? காலேஜ் உனக்கு. ஹாஸ்டல் உனக்கு. வாப்பா பள்ளிவாசலில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்ததும் உன்னைத்தான். நான் பத்தாவதோடு நின்று உம்மாவின் கடைசிக் காலம் வரை மலம் அள்ளினேன். அப்போது நீ எங்கே இருந்தாய்? பரீட்சை என்றாய். அந்த வீட்டில் எனக்கென்று கிடைத்தது ஒரு மனிதர்தான். அவரையும் நான் கையை நீட்டிப் பறித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

உன் கோபம் என் மேல். அதற்குக் கங்கம்மா என்ன செய்தாள்? போன வாரம் எங்கள் ஐஸ் ரயிலிலேயே தண்ணீராகிவிட்டது. அது தெரியாமல் ஆரம்பாக்கத்தில் கூடையை இறக்கியிருக்கிறாள். மீன் வாங்கிப் போன கம்பெனிக்காரன் ஒருவன் அவன் பெண்டாட்டிக்கு வாந்தி பேதி என்று நாலு பேரோடு வந்து, கூடையைச் சாக்கடையில் கவிழ்த்து, அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கிறான். முன்பல் ஒன்று போய்விட்டது. அந்த வாயோடு நேற்று வந்து எங்கள் வாசலில் நின்றாள்.

"உன் ஐஸ நம்பித்தானே போனேன். எவ கரண்ட நிறுத்தினாளோ அவ ஊடு இருண்டு போவ" என்றாள்.

ஆமீன் என்று சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன். அவளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. "கூடப் பொறந்தவளா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

ரஷீத் வரமாட்டார். நான் விடமாட்டேன்.

அஃப்ஸானா


கும்மிடிப்பூண்டி
24.7.2008

அஃப்ஸானா,

நீ விடமாட்டேன் என்று எழுதிய ஆள் நேற்று வந்தான். உன்னிடம் வேறு எங்கோ போவதாகச் சொல்லியிருப்பான்.

காலையில் வந்தவனைச் சாயங்காலம் வரை உட்கார வைத்தேன். வராந்தாவில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டூலில். டீ குடிக்க நான் அந்தப் பக்கமாகப் போனேன். சாப்பிடப் போனேன். வேலை இல்லாமலும் போனேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றான். சாப்பிட்டானா என்று நான் கேட்கவில்லை. முன்னந்தலை நன்றாக வழுக்கை விழுந்துவிட்டது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கண்ட்ரோல் ரூமுக்குக் கூப்பிட்டேன். திரையில் ஒவ்வொரு ஃபீடரும் ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். ஒன்றைத் தொட்டுக் காட்டி, "இதுதான் உங்க ஊரு" என்றேன்.

"இவ்ளோதானா?" என்றான்.

"இவ்ளோதான். உக்காருங்க. இன்னிக்கு நீங்க நிறுத்துங்க."

ஆபரேட்டர் ராஜமாணிக்கம் பதறிப்போனார். "வெளியாளு மேடம். வேணாம் மேடம். யாருக்காச்சும் தெரிஞ்சா என் வேல பூடும்." அவரை வெளியே போய் டீ குடிக்கச் சொன்னேன்.

ரஷீத் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். "நான் அமுக்கினா எடுத்துடுவியா?"

"முதல்ல அமுக்குங்க."

"அங்க தொட்டில தண்ணி ரொப்பி வெச்சிட்டு வந்துக்கீறேன், உமைரா. இன்னிக்கு ஒரு நாளாச்சும் விடேன்."

"அமுக்குங்க."

அமுக்கினான். கோடு சிவப்பானது. விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "இப்ப கம்ப்ரசர் நின்னுருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"எடுக்கமாட்டேன்" என்றேன். "எடுக்குறேன்னு நான் எப்ப சொன்னேன்?"

திட்டுவான் என்று காத்திருந்தேன். ஒரு நாள் முழுக்க அதற்காகத்தான் அவனை உட்கார வைத்திருந்தேன். அவன் திட்டவில்லை. கதவு வரை போய்த் திரும்பி நின்று, "நீ நல்லா கீறியா, உமைரா?" என்று கேட்டான்.

அதற்குள் ராஜமாணிக்கம் வந்துவிட்டார்.

இதை உனக்கு எழுதக் காரணம், அவன் உன்னிடம் சொல்லமாட்டான் என்பதுதான். உன் வீட்டை இருட்டாக்கியது நேற்று நான் இல்லை. உன் புருஷன்.

உமைரா


சென்னை
9.8.2008

உமைரா,

கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புதன்கிழமை ஆறு மணிக்கு வழக்கம்போலக் கரண்ட் போனது. தினமும் நின்று நின்று ஓடியதில், ஐஸை உறைய வைக்கிற அம்மோனியா போகிற பைப்பில் ஒரு ஜாயிண்ட் இளகியிருந்தது. ஒன்பது மணி வரை மிஷின் ஓடாது என்ற தைரியத்தில் அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு அதை முடுக்க உட்கார்ந்தார். கரண்ட் வந்த நிமிடமே கம்ப்ரசர் ஓடட்டும் என்று ஸ்டார்ட்டரின் கைப்பிடியைக் கம்பியால் இழுத்துக் கட்டி வைத்திருந்தார். வீணாகிற ஒவ்வொரு நிமிடமும் எங்களுக்கு ஐஸ்.

ஏழரை மணிக்கே கரண்ட் வந்துவிட்டது. மிஷின் தானாக ஓடியது. ஜாயிண்ட் பிய்த்துக்கொண்டு அம்மோனியா அவர் முகத்தில் அடித்தது.

நான் ஓடியபோது சுவரைத் தடவிக்கொண்டு தவழ்ந்தார். "தண்ணி ஊத்துடி, தண்ணி ஊத்து" என்று மட்டும் கத்தினார். உள்ளே போக முடியவில்லை, மூச்சு அடைத்தது. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு போய் இழுத்து வந்தேன். ஐஸ் பெட்டியில் இருந்த தண்ணீரை அப்படியே முகத்தில் கவிழ்த்தேன். உறையாமல் போனதில் கிடைத்த ஒரே உபயோகம் அதுதான்.

இரண்டு கண்ணும் பால் மாதிரி வெளுத்துவிட்டன. டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் நர்ஸிடமே பேசுகிறார்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். ஏப்ரலிலிருந்து ஒரு நாள்கூட ஒன்பதுக்கு முன்னால் வராத கரண்ட், அன்றைக்கு ஏன் வந்தது? பாக்கியநாதன், "நான் இல்லம்மா, எனுக்கு யாரும் சொல்லலம்மா" என்று ஆஸ்பத்திரி வரை வந்து அழுதுவிட்டுப் போனார். யார் கொடுத்தது?

இதற்கு மட்டும் பதில் எழுது.

அஃப்ஸானா


கும்மிடிப்பூண்டி
14.8.2008

அஃப்ஸானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் கொடுத்தேன்.

அன்று மதியத்திலிருந்து இந்தப் பக்கம் நல்ல மழை. எல்லா இடத்திலும் தேவை குறைந்துவிட்டது. ஏழு மணிக்கே அன்றைய இலக்கை எட்டியாகிவிட்டது. அவன் வந்து போனதிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. கதவருகில் நின்று கேட்டானே, அது காதிலேயே இருந்தது. ஒரு நாளாவது அவனுடைய ஐஸ் முழுசாக உறையட்டும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் கொடுத்தேன். அவனுக்காக.

"லைன்மேனுக்கு ஒரு போன் பண்ணிடட்டுமா மேடம்?" என்று ராஜமாணிக்கம் கேட்டார். "ஆளுங்கள நம்பி இருக்கக் கூடாதுன்னுதானே இவ்ளோவும் பண்றோம்" என்று சொன்னேன். நானே அமுக்கினேன். கோடு பச்சையானதும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். வழியில் பேரீச்சம்பழம் வாங்கினேன். எதற்கு வாங்கினேன் என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை.

அவன் எப்படி இருக்கிறான் என்று எழுது. எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று எழுது. பெரிய டாக்டர் யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் நான் ஏற்பாடு செய்கிறேன். என்னை ஒரு தடவை அவனைப் பார்க்க விடு. பேசமாட்டேன். நின்றுவிட்டு வந்துவிடுகிறேன்.

செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஏரிக்கரை ஃபீடர் மாலையில் நிற்காது. திட்டத்தை மாற்றி எழுதிவிட்டேன். அதற்குப் பதில் ஆரம்பாக்கம் பக்கத்து ஃபீடர் நிற்கும். எங்கேயாவது குறைத்துத்தான் ஆக வேண்டும்.

உன் லாத்தா
உமைரா


கும்மிடிப்பூண்டி
30.10.2008

அன்புள்ள அஃப்ஸானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ பதில் எழுதவில்லை. பெருநாளுக்கு வரலாம் என்று பொன்னேரி வரை வந்து, பஸ் ஏற மனமில்லாமல் திரும்பிவிட்டேன். வாப்பா போனை எடுத்தாலும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறார். இரண்டு கண்ணும் போய்விட்டது என்பதை மட்டும் அவர் சொன்னார்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். மாதிரித் திட்டத்தில் உங்கள் தெருவிலும் புது மீட்டர்கள் வைத்தோம். கால் மணிக்கு ஒரு தரம் அவை தாமாகவே கணக்கை இங்கே அனுப்பும். செப்டம்பர், அக்டோபர் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஃபீடரில் மாலையில் கரண்ட் நன்றாக இருக்கிறது. பக்கத்து வீடுகளிலும் ஓடுகிறது. உன் வீட்டில் மட்டும் தினமும் ஆறு மணிக்குச் சட்டென்று நின்று, ஒன்பது மணி வரை ஒன்றுமே இல்லை. ஒரு பல்பு எரிகிற அளவுகூட இல்லை.

பாக்கியநாதனை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். கம்பத்திலிருந்து வீடு வரை லைன் சரியாக இருக்கிறது, உள்ளே விடமாட்டேன் என்கிறாய் என்று சொன்னார்.

மீட்டர் பழுதா? வயரிங்கில் ஏதாவது கோளாறா? அந்த வெக்கையில் அவனை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய்? ஒரு வரி எழுது. அன்றைக்கே ஆள் அனுப்புகிறேன்.

உமைரா


பழவேற்காடு
9.11.2008

உமைரா,

ஆள் அனுப்ப வேண்டாம். மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. ஃபியூஸைப் பிடுங்கிவிடுவது நான்.

ஏன் என்று நீயும் கேட்கமாட்டாய். இருந்தாலும் சொல்கிறேன்.

ஆகஸ்டில் நீ எழுதிய கடிதத்தை ஆஸ்பத்திரியில் அவருக்குப் படித்துக் காட்டினேன். முகம் முழுக்கக் கட்டு. வாய் மட்டும் வெளியே தெரியும். யார் செய்தது என்று தெரிந்தால் உன்னைச் சபிப்பார் என்றுதான் படித்தேன். 'அவனுக்காக' என்று நீ எழுதிய இடம் வந்தது.

"எனக்காகத்தான் விட்டாளா?" என்று கேட்டார்.

அந்த வாய் சிரித்தது, உமைரா. இந்த ஐந்து வருடத்தில் எனக்காக ஒரு தடவைகூடச் சிரிக்காத சிரிப்பு.

"அன்னிக்கு நான் கேட்டதும் மூஞ்சியத் திருப்பிக்கினு அழுதாடி" என்றார். "அவ மேல தப்பு இல்ல. ஸ்டார்ட்டரக் கட்டி வெச்சது நான்தானே. நீ அவளத் திட்டாத."

கடிதத்தை மடித்துவிட்டேன். கரண்ட் திரும்பி வரப்போகிறது என்று நீ கீழே எழுதியதை அவருக்குப் படிக்கவில்லை. இன்றுவரை அவருக்கு அது தெரியாது.

ஐஸ் கம்பெனி முடிந்துவிட்டது. பள்ளிப்பட்டு ஆள் ஒருவர் வந்து மிஷினைக் கழற்றி லாரியில் ஏற்றிப் போனார். அதனால் கம்ப்ரசர் சத்தம் கேட்டு அவர் கண்டுபிடிக்க வழியில்லை. பக்கத்து வீட்டு டிவி சத்தம் கேட்டால், "அவங்க ஊட்ல இன்வெர்ட்டர் வாங்கிக்கீறாங்க" என்று சொல்லிவிடுகிறேன். யாராவது பார்க்க வந்தால் காலையில்தான் உள்ளே விடுகிறேன்.

ஆறு மணிக்கு ஃபேன் நிற்கும். "போச்சா?" என்பார். "போச்சு" என்பேன். "இன்னமுமா நிறுத்துறா?" என்பார். "ஆமா, உங்க உமைராதான்" என்பேன்.

முதலில் உனக்காகத்தான் பேசினார். "அவளுக்கும் மேல ஆளுங்க இருப்பாங்க, அவ இன்னா பண்ணுவா" என்றார். முகத்தில் வெந்த இடம் இன்னும் ஆறவில்லை. வியர்வை பட்டால் நெருப்பு மாதிரி எரியும். நான் விசிறியால் வீசமாட்டேன். கை வலிக்கிறது என்று சொல்லிவிடுவேன். நோன்பு மாதம் பூராவும் இப்படித்தான். நானும் வாப்பாவும் இருட்டில் தட்டைத் தடவி நோன்பு திறந்தோம். அவருக்கு இருட்டு ஒன்றும் புதிது இல்லை, காற்றுதான் வேண்டும்.

வாப்பா ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா இது, அநியாயம்மா. புள்ள துடிக்கிறானே." "அப்ப உங்க மூத்த பொண்ணு ஊட்டுக்குப் போறீங்களா வாப்பா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு ஆறு மணி ஆனால் பள்ளிவாசலுக்குப் போய்விடுகிறார். இஷா தொழுகை முடிந்துதான் வருகிறார். உன் போனில் ஏன் பேசமாட்டேன் என்கிறார் என்று இப்போது தெரிகிறதா?

கங்கம்மா இப்போது மீன் கூடையைத் தூக்குவதில்லை. ஆரம்பாக்கத்தை நீ இருட்டாக்கிவிட்டாயாம். "உங்க அக்காவுக்கு எங்க ஊரு இன்னா பாக்கி வெச்சிது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

போன வாரம் மழை வருவதுபோல வந்து வராமல் போனது. புழுக்கம் தாங்கவில்லை. ஆறரை மணிக்கு அவர் கட்டிலிலிருந்து எழுந்து சட்டையைக் கிழித்து எறிந்தார். முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு, கடைசியில், சொல்லிவிட்டார்.

"கண்ண எடுத்தாளே பாவி, காத்தயும் எடுக்கணுமா? அவ நல்லா இருப்பாளா? அவ நாசமாப் போவ."

நான் அடுக்களைக்குப் போய் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படிச் சாப்பிட்டதில்லை.

இப்போது தினமும் சொல்கிறார். நான் எடுத்துக்கொடுக்க வேண்டியது இல்லை. ஃபேன் நின்றதும் ஆரம்பித்துவிடுகிறார்.

நீ இங்கே வராதே. வந்தால், அவரிடம் ஃபியூஸ் விஷயத்தைச் சொன்னால், அவர் நம்பமாட்டார். வலிப்புக்காரி சொல்வதை யார் நம்புவார்கள்?

அவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாயே. ஆறு மணிக்கு உன் கம்ப்யூட்டரில் என் வீட்டு மீட்டரைத் திறந்து வைத்துக்கொள். அதில் ஒன்றும் இல்லாமல் கிடக்கிற நேரமெல்லாம் அவர் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அஃப்ஸானா